மஞ்சளை மட்டும் பார்க்காதீங்க, துணியையும் பாருங்க!

பச்சைக் குழந்தைக்குக் காமாலை என்றால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. "எல்லாக் கொழந்தைக்கும் வர்றதுதானே! காலை வெயில்ல காட்டு, தானா போயிடும்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். நிறைமாதத்தில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஆறு குழந்தைக்கு முதல் வாரத்தில் உடம்பு மஞ்சளாகிறது. இரண்டு வாரத்துக்குள் தெளிந்தும் விடுகிறது. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால்? அப்போதும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு இருக்கலாமா? கூடவே கூடாது என்பதுதான் என் கருத்து.

என் மகள் பிரசவத்துக்கு சேலையூரில் என்னிடம் வந்திருந்தாள். ஆண் குழந்தை, மூன்று கிலோ. மூன்றாம் நாள் மஞ்சள் கண்டது. ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெயர் வைத்தாயிற்று, இருபது நாளும் ஆயிற்று. கண்ணில் மஞ்சள் மட்டும் அப்படியே! எதிர் ஃப்ளாட் மாமி வெயில் என்றார். பால்காரம்மா கீழாநெல்லியைப் பறித்தே கொண்டுவந்துவிட்டார். சம்பந்தியம்மா போனில், "தாய்ப்பால் ஒத்துக்கலை போலிருக்கு, நிறுத்திட்டு பவுடர் பால் குடுங்க" என்றார். "நாப்பது நாள் ஆகாம பச்சப்புள்ளைய வெளியே தூக்காதீங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் நல்ல மனதோடு சொன்னவர்கள்தான். ஆனாலும் 22-ம் நாள் மகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டேன்.

டாக்டரம்மா குழந்தையைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "மோஷன் என்ன கலர்ல போகுது? யூரின் துணியில மஞ்சக் கறை பிடிக்குதா?" என்பதுதான். கடுகு மஞ்சளாகப் போகிறது, யூரின் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று மகள் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. இருந்தாலும் ரத்தம் எடுத்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். காமாலையை உண்டாக்கும் பிலிருபினில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாதது. தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு இது குறைய எட்டு வாரம், பன்னிரண்டு வாரம்கூட ஆகும். குழந்தை நன்றாகக் குடித்து எடை ஏறினால் பயமில்லை. பாலை நிறுத்தவும் வேண்டாம். இன்னொன்று, கல்லீரல் பக்குவப்படுத்தி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டியது. இதற்கு டைரக்ட் பிலிருபின் என்று பெயர். சில குழந்தைகளுக்குப் பித்தக்குழாய் அடைபட்டுவிடும். பித்தம் கல்லீரலிலேயே தேங்கி அதை அரித்துவிடும். மலத்துக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே பித்தம்தான். அது குடலுக்கு வராவிட்டால் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். யூரினோ துணியில் மஞ்சளாகக் கறை பிடிக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி! பத்தாயிரம், பதினைந்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய்தான். ஆனால் அந்த ஒன்று நம் வீட்டுத் தொட்டிலில் இருந்தால்?

என் பேரனுக்கு டைரக்ட் அளவு சரியாக இருந்தது. தைராய்டு குறைந்தாலும் காமாலை நீளுமாம். அதையும் பார்த்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. தாய்ப்பாலையே தொடர்ந்தோம். ஒன்பதாவது வாரம் மஞ்சள் போய்விட்டது.

ஆனால் அதே வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இருபத்திரண்டு வயது இருக்கும். மடியில் மூன்று மாதக் குழந்தை, வயிறு உப்பி, தோல் பச்சை கலந்த மஞ்சளாக. "வெள்ளையா போகுதேன்னு கேட்டேம்மா. பால்தானே குடிக்குது, வெள்ளையாத்தான் போகும்னு சொன்னாங்க" என்றாள். முதல் ஆபரேஷனுக்கு நாள் கடந்துவிட்டது, இனி கல்லீரல் மாற்றுதான் வழி என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. கிடைத்தது தவறான பதில். அதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

முதல் ஆபரேஷன் என்பது ஜப்பானைச் சேர்ந்த டாக்டர் மோரியோ கசாய் 1959-ல் வெளியிட்ட முறை. அடைபட்ட குழாயை எடுத்துவிட்டு, குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு நேராக இணைப்பார்கள். இதைக் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அதற்குப் பிறகும் சில குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படலாம். ஆனால் முன்கூட்டி வந்தால் தப்பிக்க வழி உண்டு. நாம் "முப்பது நாள் கழியட்டும், நாற்பது நாள் கழியட்டும்" என்று ஒத்திப்போடும் நாட்கள் இந்த அறுபதிலிருந்துதான் போகின்றன!

"அப்போ வெயில் வேஸ்ட்டா?" என்று கேட்பீர்கள். 1956-ல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் சிஸ்டர் வார்டு என்ற நர்ஸ், குழந்தைகளை வெளியில் காற்றாட வைத்தபோது வெளிச்சம் பட்ட தோலில் மஞ்சள் குறைந்ததைக் கவனித்தார். அதிலிருந்துதான் இன்றைய நீல விளக்கு சிகிச்சையே வந்தது. ஆக, நம் பாட்டிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் வெயிலின் அளவு நம் கையில் இல்லை, பச்சை உடம்பு காய்ந்து போகும். முக்கியமாக, அடைபட்ட குழாயை வெயிலும் திறக்காது, விளக்கும் திறக்காது. கீழாநெல்லியும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் தியாகராஜன் குழுவினர் அதை ஆராய்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதியது, ஹெபடைடிஸ்-பி கிருமி உள்ளவர்களைப் பற்றி. இருபது நாள் குழந்தைக்கு அதை அரைத்து ஊற்றச் சொல்லி அல்ல.

வந்தபின்னும் நம்பிக்கை இழக்க வேண்டாம். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி இதே நோயோடு பிறந்தவர். 1998 நவம்பரில், இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, டெல்லி அப்பல்லோவில் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகிவிட்டார்! அன்று டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று நம் குரோம்பேட்டையிலேயே கல்லீரல் மாற்று செய்கிறார்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் போதும். வசதி பக்கத்தில்தான் இருக்கிறது, நாம் நேரத்தில் போக வேண்டும்.

தைவானில் என்ன செய்தார்கள் தெரியுமா? மலத்தின் நிறங்களைப் படமாக அச்சடித்து, 2004 முதல் நாடு முழுக்க எல்லாத் தாய்மார்கள் கையிலும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு 60 நாட்களுக்குள் ஆபரேஷனுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 60. அடுத்த ஆண்டே 74! பெரிய மெஷின் இல்லை, ஒரு வண்ண அட்டைதான். நம் ஊரிலும் டிஸ்சார்ஜ் சீட்டோடு இப்படி ஓர் அட்டை எல்லா ஆஸ்பத்திரியிலும் கொடுக்கலாமே! 45-ம் நாள் தடுப்பூசிக்கு எல்லோரும் எப்படியும் போகிறோம். அறுபது நாளுக்கு முன் வரும் அந்த ஒரு நாளில், "மோஷன் என்ன நிறம்?" என்று நர்ஸ் ஒரு வார்த்தை கேட்டால் எத்தனை குழந்தைகள் பிழைக்கும்!

அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். முன்பெல்லாம் கிழிந்த வேட்டித் துணியைக் கட்டி, கையால் அலசினோம். நிறம் தானாகக் கண்ணில் பட்டது. இப்போது டயப்பரைச் சுருட்டிக் குப்பையில் போடுகிறோம். தயவுசெய்து பகலில் ஒருமுறையாவது வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். 14 நாள் தாண்டி மஞ்சள் இருந்தால், குறைமாதக் குழந்தையானால் 21 நாள் தாண்டினால், "டைரக்ட் பிலிருபின் பார்த்தீங்களா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மலம் வெளுத்திருந்தால் மறுநாளே ஓடுங்கள். பிறந்த முதல் நாளே மஞ்சள் கண்டாலோ, பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் ஏறினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே, அந்த நிமிஷமே ஓடுங்கள்.

மாமியார்களே, அம்மாக்களே! வீட்டில் நம் பேச்சுக்குத்தான் மதிப்பு. "தானா போயிடும்" என்று சொல்லும் அதே வாயால், "எத்தனை நாளாச்சு? துணியைக் கொண்டா, பார்க்கலாம்" என்று சொல்லிப் பழகுவோம்.

– ஒரு வாசகி, சேலையூர், கிழக்கு தாம்பரம்