இடுப்பு வலிக்கு ஊசியா? குத்திக்கலாம், ஆனால் கேட்டுட்டுக் குத்திக்கணும்!

குந்தா பக்கம் இடுப்பு வலி இல்லாத வீடு உண்டா? தேடினாலும் கிடைக்காது.

காலையில் கூடையை முதுகில் மாட்டினால் சாயங்காலம் வரை சரிவிலேயே நிற்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முதலில் பழுதாவது இடுப்பும் முட்டியும்தான். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு 43 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவருக்குக் குதிகால் வலி.

"தைலம் தேய்ச்சாச்சு, மாத்திரை முழுங்கியாச்சு. அக்குபங்சர் ஒண்ணுதான் பாக்கி" என்று கிளம்புகிறவர்கள் பலர். கிளம்புவதில் தப்பில்லை. ஆனால் ஊட்டிக்குப் போனாலும் கீழே இறங்கினாலும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் சார்ஜ் தனி. வைத்தியர் பீஸ் தனி. இத்தனைக்கும் என்ன பலன் என்று தெரிந்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

சீனத்துச் சரக்கு

தேயிலையும் சீனத்துச் சரக்கு, இந்த ஊசியும் சீனத்துச் சரக்கு. 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் தவித்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். ஒருவர் சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ். அவர் 1942-ல் அங்கேயே காலமானார். கூடப் போன வங்காளத்து டாக்டர் பி.கே.பாசு, பிற்பாடு மறுபடி சீனா போய் ஊசி வைத்தியம் கற்று வந்து கல்கத்தாவில் பரப்பினார்.

2019 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. முறைக்கு அங்கீகாரம் கிடைத்தது என்பதற்காக, போர்டு மாட்டிய எல்லோருமே கைதேர்ந்தவர்கள் என்று ஆகிவிடாது!

ஊசி என்ன செய்கிறது?

உடம்பில் 'சீ' என்ற சக்தி 14 பாதைகளில் ஓடுகிறது. அடைப்பு விழுந்தால் நோய். 361 புள்ளிகளில் தக்க இடத்தில் குத்தினால் அடைப்பு நீங்கும். இது சீனத்துக் கணக்கு. அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பவர் ஹவுஸுக்கு ஓடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம்: சுரங்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். உடம்பை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பாதையைக் கண்டதில்லை.

விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் வேறு. ஊசி நரம்பைத் தூண்டுகிறது. அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. வலியை மட்டுப்படுத்தும் 'எண்டார்பின்' என்ற பொருளை உடம்பே சுரக்கிறது.

ஜெர்மனியில் நடந்த பரீட்சை

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று கோஷ்டியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. முறைப்படி குத்தியவர்களில் 100-க்கு 47 பேருக்கு மேல் ஆறு மாதம் கழித்தும் குணம் தெரிந்தது. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்குத்தான் குணம்.

வேடிக்கை மூன்றாவது கோஷ்டியில்தான்! புள்ளி இல்லாத இடத்தில் சும்மா மேலாகக் குத்தினார்கள். அங்கேயும் 44 பேருக்குக் குணம்!

இதற்கு என்ன அர்த்தம்? ஊசியால் பாதிப் பேருக்கு ஓரளவு சுகம் உண்டு. எந்தப் புள்ளி என்பது அவ்வளவு முக்கியமில்லை. அரை மணி நேரம் படுத்து ஓய்வெடுப்பது, ஒருவர் அக்கறையாக விசாரிப்பது, குணமாகும் என்ற நம்பிக்கை, இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே "ரகசியப் புள்ளி எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று கூடுதல் பணம் கேட்கிறவரிடம் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

போனால் என்ன நடக்கும்?

ஆஸ்பத்திரி ஊசி மாதிரி மருந்து ஏற்றுவது கிடையாது. மயிரிழை போன்ற கம்பி. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு அந்த இடம் கனக்கும், மரத்துப்போகும். 20 அல்லது 30 நிமிஷம் அப்படியே விட்டு எடுப்பார்கள். வாரம் ஒன்றிரண்டு தடவையாக ஆறு முதல் பத்து தடவை போக வேண்டியிருக்கும். ஒரே நாளில் "எழுந்து ஓடலாம்" என்பதெல்லாம் டூப்!

துளி ரத்தம் வரலாம், சற்றுக் கன்றிப்போகலாம், சிலருக்குத் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுப் பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழுவதும் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் ஆபத்து. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும்.

மாத்திரையைத் தூக்கி எறியாதே!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஊசியில் இல்லை, வாயில் இருக்கிறது. "சுகர் மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையை நிறுத்து" என்று சொல்கிற வாய்! நாடியைப் பிடித்துப் பார்த்து இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர் வைத்தியரே இல்லை. அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதே நல்லது.

இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், காய்ச்சல் அடித்தால், உடம்பு இளைத்தால், ஊசிக்கு அலையாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு வலி என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மலைப்பாதையில் கால தாமதம்தான் எமன்.

நாலு கேள்வி

எங்கே படித்தீர்கள்? ஊசியைக் கண் முன்னே புதுப் பாக்கெட்டிலிருந்து பிரிப்பீர்களா? மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு பணம்? பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்?

நாலுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் முதுகைக் காட்டலாம். சொல்லாதவருக்கும் முதுகைக் காட்டலாம், திரும்பி நடப்பதற்கு!