இளைஞர் அரங்கம்: தேர்வில் இடம்பெறாத ஆசான்



மார்டள்ளியில் கேழ்வரகு அறுவடை முடிந்த நிலங்களில் நம் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவ்வூர்த் தந்தையார் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். குழுத் தேர்வு ஒன்றில் தம் மகன் இடம்பெறவில்லை என்றும், அன்று முதல் அவன் மட்டையைத் தொடவேயில்லை என்றும் வருந்தியிருந்தார். "நாம் வேற்று மொழிக்காரர், நமக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்கிறான். அவனுக்கு நான் யாது கூறுவது?" என்பது அவர் வினா.

ஐயா, தங்கள் மகனுக்கு ஏ. ஜி. ராம் சிங்கின் வரலாற்றைக் கூறுங்கள்.

அவரும் வேற்று மொழிக்காரரே. 1910-ஆம் ஆண்டு அமிர்தசரசில் பிறந்த சீக்கியர். சென்னையைத் தம் ஊராக்கிக் கொண்டவர். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயம் நடைபெற்றது. சென்னையை எதிர்த்து ஆடியது மைசூர். முதலில் 48 ஓட்டங்களிலும் மறுமுறை 59 ஓட்டங்களிலும் மைசூர் வீழ்ந்தது. சென்னை ஒருமுறை எடுத்த 130 ஓட்டங்களே வெற்றிக்குப் போதியனவாயின. ஒரே நாளில் முடிந்த அப்பந்தயத்தில், ராம் சிங் இடக்கையால் மெதுவாக வீசி 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பின்னர் ரஞ்சிக் கோப்பையில் ஆயிரம் ஓட்டங்களும் நூறு விக்கெட்டுகளும் எடுத்த முதல்வர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

இருந்தும் 1936-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் அவர் இல்லை. 1946-இல் சென்ற குழுவிலும் இல்லை. டெஸ்ட் பந்தயம் ஒன்றிலேனும் ஆடும் வாய்ப்பு இறுதிவரை அவருக்குக் கிட்டவில்லை. இக்குறை சிறிதன்று, அதனை மறைத்துப் பேசுவதும் முறையன்று.

ஆயினும் அவர் ஆடுகளத்தை வெறுத்து ஒதுங்கினாரல்லர். ஆடும் பருவம் கழிந்தபின் பயிற்சியாளராகிச் சென்னை இளைஞர்க்குத் தாம் கற்றதை வழங்கினார். 1955-இல் அவர் மகன் கிருபால் சிங் ஹைதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார். மற்றொரு மகன் மில்கா சிங்கும் பின்னர் இந்தியாவுக்காக ஆடினார். பேரன் அர்ஜன் கிருபால் சிங் 1989-இல் கோவாவை எதிர்த்துத் தமிழ்நாட்டுக்காக 302 ஓட்டங்கள் எடுத்தார். அமிர்தசரசுக் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறை சென்னையின் பெயரைச் சுமந்தது!

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் இத்தகையோர் உண்டு. எர்ல் வீவர் என்பவர் கீழ்நிலைக் குழுக்களிலேயே ஆடியவர். ஆட்டக்காரராக முதல்நிலைக் குழுவை எட்டாதவர். அவரது வழிநடத்தலில்தான் பால்டிமோர் குழு 1970-இல் உலகப் பட்டம் வென்றது.

ஆகவே, அடுத்த தேர்வுக்கும் மகனை அனுப்புங்கள். அதில் இடம் கிடைக்குமென்று நாம் உறுதி கூற இயலாது. அதுவரை, ஞாயிறுதோறும் ஊரிலுள்ள இளையவர்களைக் கூட்டி, மட்டையை நேராகப் பிடிக்கக் கற்பிக்கச் சொல்லுங்கள். கன்னடச் சிறுவரையும் சேர்த்துக்கொள்ளட்டும். கற்பிப்பதற்கு எவருடைய தேர்வும் வேண்டுவதில்லை. கற்பிக்குங்கால் அவன் கையும் திருந்தும், மனமும் ஆறும்.