ரயில் வந்தது, சாதி போகவில்லை

'தொழில் வளர்ந்தால் சாதி தானாகவே போய்விடும்' என்று இன்றும் சில தோழர்கள் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு வயது 170க்கு மேல். 1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' இதழில் மார்க்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ரயில்வேயும் அதையொட்டி வரும் நவீனத் தொழிலும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும், இந்தியச் சாதிகள் நிற்பதே அதன்மேல்தான் என்றார்.

ஐரோப்பாவில் இயந்திரம் வந்ததும் பழைய கைத்தொழில் கட்டுகள் உடைந்தன. அந்த அனுபவத்தில் பிறந்த கோட்பாட்டை, தான் நேரில் பார்த்திராத ஒரு நாட்டுக்கும் அவர் நீட்டினார்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நடந்தது வேறு. தறி நாடாவில் புது நூல் மாட்டும்போது, அதன் நுனியைத் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு அடைபட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவுதான் மிஞ்சியது. கதவை அடைத்ததில் முதலாளியைவிடப் பக்கத்துத் தறியில் நின்றவனுக்கே பங்கு அதிகம். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் திறந்துவிட வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார்.

மார்க்ஸ் நம்பிய அந்த ரயில்வே என்ன செய்தது? பல பத்தாண்டுகள் பெட்டிக் கழிப்பறைகளின் மலத்தைத் தண்டவாளத்தில் கொட்டியது. அதைக் கழுவ நிறுத்தப்பட்டவர்கள் எந்தச் சாதியினர் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

இதை வைத்து மார்க்ஸையே தூக்கி எறியக் குதிப்பவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நெசவாளியும் நூற்பாளியும் ஒரே முதலாளியிடம் சுரண்டப்பட்டார்கள். உபரி பற்றி அவர் போட்ட கணக்கு அந்த ஆலைக்கும் பொருந்தும். ஆனால் ஒருவனின் எச்சில் மட்டும் இன்னொருவனுக்கு ஏன் தீட்டாகிறது என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. தொழில் மாறினாலும் கல்யாணம் சாதிக்குள்ளேயே நடக்கிறதே, அதற்கும் இல்லை.

'முதலில் வர்க்கம், சாதி பிறகு' என்று மேடையில் பேசும் தோழர், அந்த நெசவுப் பிரிவின் வாசலில் தடுக்கப்பட்டவரிடம் எத்தனை ஆண்டு காத்திருக்கச் சொல்லியிருப்பார்?