அசோசியேஷன் மாமாக்களுக்கு ஒரு வார்த்தை

திருச்சியை விடுங்கள், ஸ்ரீரங்கத்திலேயே இப்போது தெருவுக்குத் தெரு அபார்ட்மெண்ட்தான். பல ஃபிளாட்டுகளில் வயசான தம்பதி மட்டும். பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ கால், மற்ற நாளெல்லாம் சீரியல்.

அந்த வீட்டுக்கு ஒரு நாய் வந்தால்? காலையில் அதைக் கூட்டிக்கொண்டு நடந்தே ஆகணும், முட்டிவலி சாக்கெல்லாம் செல்லாது. வழியில் நாலு பேர் "கடிக்குமா?" என்று கேட்பார்கள், பேச்சு வளரும். சண்டை போட்டு முகம் திருப்பிக்கொண்ட இரண்டு பேரும்கூட "அதுக்குச் சாப்பாடு வெச்சாச்சா?" என்று பேசித்தான் ஆகணும்.

சும்மா அடித்து விடவில்லை. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் பாசம் வளர்க்கும் அதே ஹார்மோன்!

ஆனால் சில அசோசியேஷன்களில் "நாய்க்கு அனுமதி இல்லை." இது செல்லாது சார். பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்யக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் அதே 2015-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி, வெளியே வந்தால் சங்கிலி, அசிங்கம் செய்தால் அள்ளுவது... இதையெல்லாம் கண்டிப்பாகக் கேளுங்கள், நியாயம். நாயே கூடாது என்றால், மேல் வீட்டு மாமியின் பேச்சுத்துணையைத்தான் துரத்துகிறீர்கள்.