ஓடிடியில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றோம்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. மாரி செல்வராஜின் ‘வாழை’, பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’, மைக்கேல் கே.ராஜாவின் ‘போகுமிடம் வெகுதூரமில்லை’ மூன்றும் ஒரே நாளில் திரைக்கு வந்தன. வாழைத்தார் சுமக்கும் சிறுவன், வாய் திறக்க மறுக்கும் பெண், அமரர் ஊர்தி ஓட்டுகிறவர் என்று மூன்றுமே நாம் அன்றாடம் கடந்துபோகும் மனிதர்களின் கதைகள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை தமிழ் சினிமாவுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. ‘வாழை’யைக் கொண்டாடினோம், அதற்கு அந்தப் படம் முழுத் தகுதி உடையது. மற்ற இரண்டையும் “ஓடிடில வந்ததும் பாத்துக்கலாம்” என்று தள்ளிவைத்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

‘கொட்டுக்காளி’யில் பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. ஆட்டோவும் பைக்குகளுமாக ஒரு குடும்பம், வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று சாமியாடியிடம் அழைத்துப்போகிறது. வழியில் ஒரு காளை குறுக்கே நிற்கிறது. இத்தனை ஆண்கள் இருந்தும் ஒருவரும் கிட்டப் போகத் துணியவில்லை. ஒரு சின்னப் பெண் வருகிறாள், காளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். நூறு பேரோடு உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்த இடத்தில் அரங்கில் என்னென்ன சத்தம் எழுந்திருக்கும்! நம்மில் பலர் அதை வீட்டில், கையில் போனோடு, இடையில் காலிங்பெல் அடித்தால் நிறுத்திவைத்துப் பார்த்தோம். பார்த்துவிட்டு, “ரொம்ப ஸ்லோ” என்றோம். பாதிக் கவனத்தைக் கொடுத்துவிட்டு முழுத் தீர்ப்பு சொன்னோம்.

அதே இயக்குநரின் முதல் படம் ‘கூழாங்கல்’. 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. அன்று நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம், தமிழன் என்று பெருமைப்பட்டோம். 2023 அக்டோபரில் அது நேரடியாக ஓடிடியில் வெளியானது. குடிகாரத் தகப்பனும் மகனும் கொளுத்தும் வெயிலில் நடக்கிற அந்தப் படத்தின் கடைசியில், பெண்கள் குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடம் நிரப்புவார்கள். காட்சி நீண்டுகொண்டே போகும். குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நம்மையும் காத்திருக்கச் சொல்கிறார் இயக்குநர். விருதைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேர் அதுவரை உட்கார்ந்திருந்தோம்? இப்படிப்பட்ட படம் தியேட்டருக்கு வந்தால் கூட்டம் வராது என்று யாரோ கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

நாம் எந்தப் படத்துக்கு ஓடுகிறோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. 2024 ஜூனில் ‘மகாராஜா’ வந்தபோது, சஸ்பென்ஸை யாராவது உடைப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினோம். ‘டிமான்டி காலனி 2’ போன்ற பேய்ப் படத்துக்குக் கும்பலாகப் போனோம். தனியே பார்க்கப் பயம். பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாளே போகாவிட்டால் மறுநாள் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. யாரும் உடைக்க முடியாதபடி முடிச்சு எதுவும் இல்லாமல், முகங்களையும் மௌனங்களையும் மட்டும் நம்பி எடுத்த படம் இருக்கிறதே, அதற்குத்தான் நம்மிடம் அவசரம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் தியேட்டரில் அதன் ஆயுள் வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை நான்கு காட்சி ஒன்றாகும். அதுவும் காலை பதினொன்றுக்கோ இரவு பத்தரைக்கோ தள்ளப்படும். வியாழக்கிழமை நண்பர் சொல்லி நாம் கிளம்பும்போது படத்தைத் தூக்கியிருப்பார்கள். “நல்ல படத்தை இங்க ஓட விட மாட்டாங்க” என்று நாமும் அலுத்துக்கொள்வோம்.

செலவைச் சொல்வோம். குடும்பத்தோடு போனால் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று பணம் கரைவது உண்மைதான். மாதக் கடைசியில் யோசிக்காமல் போக முடியாது. ஆனாலும் பெரிய படம் வரும்போது அந்தச் செலவு நம்மைத் தடுத்ததில்லை. சின்னப் படம் என்றால்தான் நமக்குப் பாப்கார்ன் விலை ஞாபகம் வருகிறது.

‘மெய்யழக’னை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது. 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், பல வருடம் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். அத்தான் அத்தான் என்று காலைச் சுற்றிவரும் இளைஞன் யாரென்றே அவருக்கு நினைவில்லை. இவர் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் ஒன்று தன் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியதாக அவன் சொல்லச் சொல்ல, பெயர்கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அர்விந்த் சாமியின் முகத்தைப் பாருங்கள். உறவை மறந்துபோன ஒருவனின் வெட்கம் அப்படியே தெரியும். அந்த இரவுப் பேச்சு நீளமானது. நீளமாகத்தான் இருக்க வேண்டும், ஊரில் உறவுக்காரர்கள் அப்படித்தானே பேசுவார்கள்? நாம் “நீளம், நீளம்” என்றோம். படம் வந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். அப்புறம் வீட்டில் பார்த்துக் கண் கலங்கி, “இதையா தியேட்டர்ல மிஸ் பண்ணினோம்” என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். அந்தக் கத்தரிக்கோலில் நம் விரல்களும் இருந்தன.

2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. அதுவரை எந்த மலையாளப் படத்துக்கும் நாம் கொடுக்காத வரவேற்பைக் கொடுத்தோம். குகைக்குள்ளிருந்து நண்பனை மேலே இழுக்கும்போது ‘குணா’ பாட்டு ஒலித்ததும் அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்தக் ‘குணா’ 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்தபோது நம் ஊரில் பெரிதாக ஓடவில்லை. படத்தை விட்டுவிட்டோம், குகைக்கு மட்டும் அதன் பெயரை வைத்துக்கொண்டு கொடைக்கானல் போகும்போதெல்லாம் போட்டோ எடுத்தோம். பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள் வந்து, உங்கள் வீட்டில் இப்படி ஒரு பொருள் இருக்கிறது பாருங்கள் என்று எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், மார்ச் 8 அன்று, சுரேஷ் மாரியின் ‘ஜெ பேபி’ வந்தது. காணாமல் போய் கொல்கத்தாவில் இருக்கும் அம்மாவைத் தேடி, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் போகிறார்கள். ஊர்வசி அந்தத் தாயாகவே வாழ்ந்திருக்கிறார்: ஒரு நிமிடம் சிரிக்க வைப்பார், அடுத்த நிமிடம் நம் வீட்டில் யாரையோ ஞாபகப்படுத்திக் கலங்கடிப்பார். அம்மாக்களை அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டிய படம். போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த பாரி இளவழகனின் ‘ஜமா’வும் அப்படித்தான். திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து, அதில் பெண் வேடம் கட்டியே நடை உடை எல்லாம் மாறிப்போய்ப் பெண் கிடைக்காமல் நிற்கும் கலைஞன், இளையராஜா இசை. கூத்துக் கலை அழிகிறதே என்று மேடையில் வருத்தப்படுகிற நாம், அது திரைக்கு வந்தபோது பக்கத்துத் தியேட்டர் வரை நடக்கவில்லை.

எல்லாவற்றிலும் நாம் தவறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘லப்பர் பந்து’வைத் தூக்கிப் பிடித்தது நாம்தான். கிரிக்கெட்டே கதி என்று கிடக்கும் கணவனின் மைதானத்தை டிராக்டர் ஏற்றி உழும் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவளுடைய கோபம் நியாயம்தானே என்று வீடு வரை பேசிக்கொண்டு வந்தோம். 2025 மே 1இல் சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில் வந்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. புது இயக்குநர், இலங்கையிலிருந்து படகேறி வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே காட்சிகள் கூடின. அங்கே எந்த விளம்பரமும் செய்ய முடியாததை, “போய்ப் பாருடா” என்ற நம் ஒரு போன் செய்தது.

ஆக, நம்மால் முடிகிறது. முதல் மூன்று நாளுக்குள் போவது, போவதற்கு முன் நாலு ரிவ்யூ கேட்டு மனசை நிரப்பிக்கொள்ளாமல் இருப்பது, பிடித்திருந்தால் அன்றிரவே பத்துப் பேரிடம் சொல்வது. இவ்வளவுதான் அந்தப் படங்களுக்கு நம்மிடம் தேவைப்பட்டது. விட்டுப்போனவற்றுக்கும் வழி இருக்கிறது. 20 வருடம் கழித்து 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வெளியானபோது அரங்குகளை நிறைத்தவர்கள் நாம். ‘கொட்டுக்காளி’யையோ ‘ஜமா’வையோ ஒரு ஞாயிறு காலைக் காட்சி போட முடியுமா என்று நம் ஊர் தியேட்டர்காரரிடம் கேட்கலாம். ஐம்பது பேர் முன்கூட்டியே டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு போனால், முடியாது என்று சொல்லும் முன் அவர் ஒருமுறை யோசிப்பார். எங்கள் தெருவில் இதுவரை பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அம்மாவையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.