கிளினிக்கில் சொல்லாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள்

போன மாதம் ரொறன்ரோவில் அம்மம்மாவின் ஞாபகப் பரிசோதனைக்கு மொழிபெயர்க்கப் போனேன். முதல்நாள் இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. "பெயில் விட்டா என்னை ஹோமில விட்டிடுவீங்களோ, ராசா?"

மொன்றியலில் உருவான 'மோகா' பரிசோதனை அது. மொத்தம் 30 புள்ளிகள். மணிக்கூடு வரைய வேண்டும். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். அவர் தடுமாறியபோது எனக்கு விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

நீங்களும் சொல்லாதீர்கள். என் ஐடி வேலையில், சோதனையில் மறைத்த பிழை பிறகு பெரிதாகத்தான் வரும். பி12 குறைவு, தைரொய்ட் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் ஞாபகத்தைக் குறைக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குறைந்த புள்ளி மட்டுமே நோய் என்று அர்த்தமில்லை. அதை முதலிலேயே அவர்களுக்குச் சொல்லுங்கள். மோகாவுக்குத் தமிழ்ப் படிவமும் இருக்கிறது, முன்கூட்டியே கேளுங்கள்.

ஆனால் வீட்டில் பரீட்சை வேண்டாம். நாங்களும் படத்தைக் காட்டி "இது ஆர், சொல்லுங்கோ?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் முகம் வாடும். இப்போது "இது மாமா, அம்மம்மா" என்று நாங்களே சொல்லிவிடுகிறோம். மிச்சக் கதையை அவர் சொல்கிறார்.