பழைய மடிக்கணினியை வீசிவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். நன்றாக ஓடும் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. அதற்காக 2,000 ரிங்கிட் கொடுத்துப் புதியது வாங்க எல்லா மாணவர் வீட்டிலும் வசதி உண்டா?

அண்ணன் தந்த 2015-ஆம் ஆண்டு மடிக்கணினியில் நான் லினக்ஸ் மிண்ட் போட்டேன். மென்பொருள் இலவசம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். வன்தட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று இரண்டு நாள் சோதித்த பிறகே நிறுவினேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். முதல் மாதத்தில் எனக்கு அது இரண்டே முறைதான் தேவைப்பட்டது. தமிழ் 99 விசைப்பலகைகூட உண்டு!

லிப்ரே ஆபிஸில் எழுதியதை வேர்டில் திறந்தால் பக்க அமைப்பு சற்றுக் கலையலாம். நான் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். பெரிய சிக்கல் வேறு. சில இணையத் தேர்வு மென்பொருள்கள் லினக்ஸில் ஓடவே ஓடா. மாறுவதற்கு முன் விரிவுரையாளரிடம் கேட்டுவிடுங்கள். அத்தகைய மென்பொருளைக் கட்டாயமாக்கும் பல்கலைக்கழகம், கணினிக் கூடத்தில் அந்தத் தேர்வை எழுதவாவது இடம் தர வேண்டும்.